சுவருக்குக் கம்பிவலைப் பூச்சு

மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் நம் ஊர்களில் இருவகை வேலைகள் தொடங்குகின்றன. வயலில் அறுவடை நடக்கிறது. ஊருக்குள் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம், களஞ்சியம் முதலிய கட்டடங்களின் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. அவ்வமயம் ஊராட்சி அங்கத்தினர்கள் கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும்போது முதலில் கண்ணிற்படுவது சுவர் விரிசலேயாகும். தூணும் செங்கற்சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு; சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக மற்றொரு கோடு; சில இடங்களில் பூச்சு உப்பித் தட்டினால் பொத்தென்று ஓசையிடும். சென்ற ஆண்டுதான் பூசினோமே என்று அங்கத்தினர்கள் வியப்பதும், மீண்டும் அதன்மேலேயே பூசும்படி கொத்தனாரிடம் சொல்லுவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வாறு ஆண்டுதோறும் பூச்சுக்குச் செலவழியும் பணம் ஊரின் பணமேயாகும்.

இதற்குத் தக்க பரிகாரங்களுள் ஒன்று, பூச்சினுள்ளே கம்பிவலை வைத்துப் பூசுவது. இம்முறை புதியதன்று, விலை மிகுந்ததுமன்று. ஆயினும் இதனைச் சரியாகச் செய்யுமிடங்கள் குறைவு. எங்கே செய்ய வேண்டும், எவ்வாறு செய்ய வேண்டும், எங்கே செய்யக் கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வலை எதற்கு?

சிமிண்டுக் கலவையின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இறுகிய கலவை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் இழுப்பைத் தாங்காது. ஒரு சிறு சிமிண்டு வில்லையைக் காலால் மிதித்தால் அது பொறுத்துக்கொள்ளும். இரு முனையையும் பிடித்து வளைத்தால் உடனே ஒடியும். சுவரின்மேல் உள்ள பூச்சுக்கு ஏற்படும் துன்பமெல்லாம் பெரும்பாலும் இழுப்பினால் வருவதே. ஈரம் உலரும்போது கலவை சுருங்குகிறது. சுவரோ அதனைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பகல் வெயிலில் கான்கிரீட்டுத் தூணும் செங்கற்சுவரும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. இரவில் வெவ்வேறு அளவில் சுருங்குகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட பூச்சு பிளவுபடுகிறது.

பூச்சினுள் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால், இழுப்பைக் கம்பி ஏற்றுக்கொள்ளும். விரிசலே வராது என்பதன்று. ஓரிடத்தில் அகலமாக வரவேண்டிய விரிசல், பல இடங்களில் மயிரிழை போன்ற கோடுகளாகப் பிரிந்துவிடும். அத்தகைய கோடுகளின் வழியே மழைநீர் எளிதில் உட்புகாது.

இந்தக் கருத்து நம் குடியானவர்களுக்குத் தெரியாததன்று. மண்சுவர் வைக்கும்போது மண்ணுடன் வைக்கோலை நறுக்கிப் போட்டுக் காலால் மிதித்துக் குழைப்பது நம் பெரியோர் கண்ட முறை. அங்கே வைக்கோல் செய்யும் வேலையையே இங்கே கம்பி செய்கிறது. பிரெஞ்சு நாட்டில் லம்போ என்பவர் 1848 ஆம் ஆண்டில் கம்பிவலையின்மேல் சிமிண்டுக் கலவையைப் பூசி ஒரு சிறு படகு செய்தார். 1855 ஆம் ஆண்டில் பாரிஸ் கண்காட்சியில் இம்முறை காட்டப்பட்டது. பின்னர் 1940களில் இத்தாலியப் பொறியாளர் நெர்வி இதனை விரிவாக ஆராய்ந்து படகும் கூரையும் கட்டினார். ஃபெர்ரோசிமெண்ட் என்று பெயர்பெற்ற இம்முறையில் நம் நாட்டிலும் தண்ணீர்த் தொட்டிகளும் தானியக் குதிர்களும் செய்யப்பட்டுள்ளன. படகைத் தாங்கிய பொருள் சுவர்ப் பூச்சையும் தாங்கும் என்பதில் ஐயமில்லை.

வலை வைக்க வேண்டிய இடங்கள்

கட்டடம் முழுவதும் வலை வைக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்ட இடங்களில் வைத்தால் போதுமானது.

முதலாவது, கான்கிரீட்டுத் தூண் அல்லது உத்தரமும் செங்கற்சுவரும் சேரும் மூட்டுகள். மூட்டின் இருபுறமும் 15 செ.மீ. வீதம் 30 செ.மீ. அகலமுள்ள வலைத்துண்டு வேண்டும்.

இரண்டாவது, கதவு, சன்னல் மூலைகள். இம்மூலைகளில் விரிசல் சாய்வாகவே ஓடும். ஆதலால் அதனைக் குறுக்கே வெட்டுமாறு, ஒரு முழ நீளமுள்ள வலைத்துண்டைச் சாய்வாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, மின்கம்பிக் குழாய்க்காகவோ தண்ணீர்க் குழாய்க்காகவோ சுவரை வெட்டி மூடிய இடங்கள். வெட்டிய பள்ளத்தைக் கலவையால் நிரப்பி, அது இறுகியபின் மேலே வலை வைத்துப் பூச வேண்டும்.

நான்காவது, பழைய செங்கற்சுவர்களில் ஓடும் விரிசல்கள். ஆனால் அவ்விரிசல் ஓய்ந்துவிட்ட விரிசலாக இருத்தல் வேண்டும். இதனைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இவையன்றி, நிலநடுக்கம் வரக்கூடிய பகுதிகளில் சுவர்களை வலுப்படுத்தவும் இம்முறை பயன்படுகிறது. 1993 செப்டம்பர் 30 ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியிலும், 2001 சனவரி 26 ஆம் நாள் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் ஏற்பட்ட நிலநடுக்கங்களில் மாண்டவர்களுள் மிகப் பலர் சரிந்த கல், மண், செங்கற்சுவர்களின் அடியில் அகப்பட்டவர்கள். கட்டடத்திற்கு அரைஞாண் கட்டியதுபோல வாசற்படி நிலைக்கு மேலே சுற்றிலும் ஒரு பட்டையாகவும், மூலைகளில் செங்குத்தாகவும், தடித்த பற்றவைத்த கம்பிவலையை ஆணியால் பிணைத்து வளமான கலவையால் மூடுவது இதன் முறை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 13935 ஆம் எண் விதிநூல் இதனை விவரிக்கிறது. இதில் வலையின் கனத்தையும் பட்டையின் அகலத்தையும் பொறியாளரே கணக்கிட்டுத் தர வேண்டும். கொத்தனாரின் மதிப்பில் விட்டுவிடக் கூடாது.

பொருள்கள்

வலை: மூட்டுகளுக்கும் மூலைகளுக்கும் துத்தநாகம் பூசிய கோழிவலை போதும். கண் 12 மி.மீ. அளவிலும், கம்பி 22 முதல் 24 கேஜ் வரையிலும் இருக்கட்டும். துத்தநாகம் பூசாத வலை ஈரத்தில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலால், பூச்சை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளிவிடும். இப்பொழுது கடைகளில் கண்ணாடி இழை வலையும் கிடைக்கிறது. இது துருப்பிடிக்காது, ஆயினும் சிமிண்டின் காரத்தைத் தாங்கும் மேற்பூச்சுள்ள வகையா என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

மணல்: பூச்சுக்கென்று சலித்த மணலே தேவை. எம்-சாண்டு வாங்குவோர் பூச்சு வேலைக்குரிய நுண்ணிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கல்லுடைக்கும் இடத்துத் தூசியை மணலென்று கொண்டுவந்து கொட்டுவதும் உண்டு, அதனை ஏற்கலாகாது. மணலில் வண்டல் எவ்வளவு உள்ளது என்பதை யாவரும் சோதிக்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணலும் மீதிக்கு உப்புக் கரைத்த நீரும் ஊற்றி நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணலுக்கு மேலே வண்டல் ஓர் அடுக்காகப் படியும். அது மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அம்மணலைக் கழுவியே பயன்படுத்த வேண்டும். கடல் மணலைத் தொடவே கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியை அரித்துவிடும்.

கலவை: வலைப் பூச்சுக்கு ஒரு பங்கு சிமிண்டுக்கு நான்கு பங்கு மணல் பொருத்தமானது. பாண்டுச் சட்டியால் குத்துமதிப்பாக அளப்பது தவறு. உள்ளளவில் 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள மரப்பெட்டி ஒன்று செய்துகொண்டால், அது 35 லிட்டர் கொள்ளும். ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமிண்டின் அளவும் அதுவே. ஆகவே மூட்டைக்கு நான்கு பெட்டி மணல் என்று எளிதாக அளந்துவிடலாம்.

100 சதுர அடிச் சுவருக்கு, முக்கால் அங்குலம் அல்லது சற்று அதிகக் கனத்தில் பூச, ஏறத்தாழ ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மூட்டை சிமிண்டும் 7 முதல் 9 கன அடி மணலும் பிடிக்கும். முழுச் சுவருக்கும் வலை விரிப்பதானால், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரங்களையும் சேர்த்து ஏறக்குறைய 115 சதுர அடி வலை வாங்க வேண்டும்.

செய்முறை

1. சுவரைத் தயார் செய்தல். பழைய பூச்சு உப்பியிருந்தால் அதனை முழுவதும் கொத்தி எடுத்துவிட வேண்டும். செங்கல் இணைப்புகளை 10 முதல் 12 மி.மீ. ஆழம் வரை சுரண்டி விட வேண்டும். கான்கிரீட்டுப் பரப்பு வழவழப்பாக இருக்கும். அச்சுப் பலகைக்குத் தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். உளியால் நெருக்கமாகக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைத்து, மேலே நீர் மினுக்காத அளவுக்கு ஆறவிட வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். அப்போது சிமிண்டு இறுகுவதற்கு வேண்டிய நீர் இல்லாமற்போகும்.

2. முதற் பூச்சு. 10 முதல் 12 மி.மீ. கனத்தில் கலவையைக் கரணையால் வீசி அப்பி, மட்டப்பலகையால் சமப்படுத்த வேண்டும். வழவழப்பாகத் தேய்க்கக் கூடாது.

3. வலை வைத்தல். முதற் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வலையை இறுக்கமாக விரித்து, மெல்ல அழுத்தி, 30 செ.மீ.க்கு ஒரு துத்தநாக ஆணி வீதம் அடிக்க வேண்டும். இரு துண்டுகள் சேருமிடத்தில் 8 முதல் 10 செ.மீ. வரை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். முதலிலேயே வலையை அடித்துவிட்டுப் பின்னர்ப் பூசுவதானால், வலைக்கும் சுவருக்கும் இடையே 6 மி.மீ. இடைவெளி இருக்குமாறு சிறு கலவை வில்லைகளை வைத்து அடிக்க வேண்டும்.

இந்த இடைவெளியே இப்பாடத்தின் உயிர்நிலை. வலை சுவரோடு ஒட்டிக் கிடந்தால் அதன் பின்னே கலவை செல்லாது. வலை ஒரு பக்கம், பூச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். வலை வைத்தும் பயனில்லை. வலை மிகவும் வெளியே இருந்தாலோ மழைநீர் பட்டுத் துருப்பிடிக்கும். எலும்பு சதைக்குள் இருப்பதுபோல, வலை கலவையின் நடுவே இருத்தல் வேண்டும்.

4. மேற்பூச்சு. முதற் பூச்சு சற்று இறுகியபின், அது காய்ந்துபோவதற்கு முன், 8 மி.மீ. கனத்தில் மேற்பூச்சிட்டு மரத் தேய்ப்புப் பலகையால் தேய்க்க வேண்டும். பளபளப்பு வேண்டுமென்று உலர்ந்த சிமிண்டுப் பொடியைத் தூவி இரும்புக் கரணையால் தேய்ப்பது சிலர் வழக்கம். அது மேல்தோலை மட்டும் சுருங்கச் செய்து சிலந்தி வலைபோன்ற வெடிப்புகளை உண்டாக்கும். நீர் ஊற்றிய கலவையை அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் நீர் ஊற்றிக் குழைப்பதைக் கண்டால் அங்கத்தினர்கள் தயங்காமல் தடுக்க வேண்டும்.

5. நீர் விடுதல். மறுநாள் முதல் குறைந்தது 7 நாட்களும், கோடையில் 10 நாட்களும் பூச்சு உலராமல் நனைத்து வர வேண்டும். காலை, மாலை இரு வேளை வாளியால் ஊற்றிவிட்டுப் போவது போதாது. நடுப்பகலில்தான் சுவர் காய்கிறது. நனைத்த சாக்கைத் தொங்கவிடுவது நலம். நடவு செய்த நாற்றுக்கு முதல் வாரத்தில் நீர் தவறினால் என்ன ஆகும் என்பதைக் குடியானவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பூச்சின் கதையும் அதுவே.

கட்டடத்தில் விரிவுக்கென்று விடப்பட்ட இடைவெளி இருக்குமாயின், அதன் குறுக்கே வலையை ஓட்டக் கூடாது. அசையவேண்டிய இடத்தை அசையாமற் கட்டினால் அது வேறிடத்தில் பிளக்கும்.

மறைந்துபோகும் வேலை

கட்டட வேலைகளுள் சில, முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாதவை. அத்திவாரம் அத்தகையது, கம்பிவலையும் அத்தகையதே. நாம் கண்ட ஓர் ஊராட்சிக் கட்டடத்தில் எல்லா மூட்டுகளிலும் வலை வைத்ததாகக் கணக்கு எழுதப்பட்டிருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே விரிசல் கண்டு பூச்சைக் கொத்திப் பார்த்தபோது, முன்பக்கத் தூண்களில் மட்டும் வலை இருந்தது. அங்கும் அது செங்கல்லோடு ஒட்டியே கிடந்தது. கையால் இழுத்ததும் பூச்சு தனியாக, வலை தனியாக வந்தது. பின்பக்கச் சுவரில் வலையே இல்லை. அப்பக்கத்தில்தான் குழந்தைகள் உட்கார்ந்து உணவு உண்ணுவது வழக்கம். நற்பேறாக, உப்பிய பூச்சு கொத்தி எடுக்கப்படும் முன் எவர்மேலும் விழவில்லை.

இதில் கொத்தனார் ஒருவரையே குறைகூறிப் பயனில்லை. வலை அடித்த அன்று ஊரார் எவரும் வந்து பார்க்கவில்லை. பூசி வெள்ளையடித்த அன்று எல்லாரும் வந்து பார்த்தார்கள். இம்முறை மாற வேண்டும். வலை அடித்தபின், மேற்பூச்சுக்கு முன், ஒன்றியப் பொறியாளருடன் ஊராட்சி அங்கத்தினர் இருவராவது நேரில் வந்து பார்ப்பது என்று முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் நாள் குறித்துப் புகைப்படம் எடுத்துக் கிராம சபையில் காட்டலாம். முதற் பூச்சு காயுமுன் மேற்பூச்சு இடவேண்டுமாதலால், பார்வையிடுவோர் குறித்த நேரத்தில் வருவது முக்கியம். அவர்களுக்காக வேலை நின்றால் அதுவும் ஒரு குற்றமாகும்.

வலையால் ஆகாதவை

ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. வலைப் பூச்சு சுவரின் தோலைக் காக்கும், அத்திவாரத்தைக் காக்காது. அத்திவாரம் இறங்குவதால் வரும் விரிசல் ஆண்டுதோறும் அகன்றுகொண்டே போகும். அதன்மேல் வலை வைத்துப் பூசுவது, புண்ணை ஆற்றாமல் துணியால் மூடுவது போன்றதே.

விரிசல் ஓய்ந்ததா, ஓடுகிறதா என்பதை அறிய எளிய வழி உண்டு. விரிசலின் குறுக்கே இரண்டு மூன்று இடங்களில் விரற்கடை அகலமுள்ள கண்ணாடித் துண்டின் இரு முனைகளையும் சிமிண்டால் ஒட்டி, அருகே நாளை எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் கண்ணாடி முழுதாக இருந்தால் விரிசல் ஓய்ந்தது; வலை வைத்துப் பூசலாம். கண்ணாடி உடைந்தால் பூச்சு வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைக்க வேண்டும். குறிப்பாகக் கரிசல் நிலத்தில் கட்டிய கட்டடங்களுக்கு இச்சோதனை இன்றியமையாதது. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் தன்மையுடையது.

மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர்களுக்கும் இம்முறை பாதுகாப்பாகாது. 2019 டிசம்பர் 2 ஆம் நாள் கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், பெருமழையின்போது உயரமான சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். உயர்ந்த சுவர் எதுவாயினும் அதன் கனம், அத்திவாரம், பின்னே தேங்கும் நீர் வெளியேற வழி ஆகியவையே உயிர்காப்பவை. சாய்ந்த சுவரை நன்றாகப் பூசி வைத்தால், அதன் சாய்வும் விரிசலும் மறைந்து, அருகில் வாழ்வோர் எச்சரிக்கையும் இழப்பர். அத்தகைய சுவரைப் பூச வேண்டாம், இடித்துக் கட்டுங்கள்.

மண்சுவர் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். தங்கள் மண்சுவருக்குக் கோழிவலை அடித்துச் சிமிண்டு பூசலாமா என்று குடியானவர்கள் பலர் கேட்கின்றனர். மண்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமிண்டு அதன் மூச்சை அடைத்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் சிறு வெடிப்பின் வழியே புகும் மழைநீரும் வெளியேற வழியின்றிச் சுவரின் அடிப்பாகத்தை ஊறவைக்கும். வெளியே பூச்சு அழகாக நிற்கும். உள்ளே மண் சேறாகியிருக்கும். ஆதலால் மண்சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்புப் பூச்சுமே ஏற்றவை. சிமிண்டு வாங்க வைத்த பணத்தைக் கொண்டு, கூரை இறவாரத்தை இரண்டடி வெளியே நீட்டுவதும், சுவரைச் சுற்றிச் சரிவான தளம் அமைத்து நீர் தேங்காமற் செய்வதும் அதிக நன்மை தரும். மண்சாந்தில் கட்டிய பழைய சுட்ட செங்கற்சுவராயின், சிமிண்டு ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு சேர்த்த கலவை வலையுடன் பொருந்தும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

விரிசலின் காரணத்தை அறிந்தபின்பே பூச்சைத் தொடங்குக. துத்தநாகம் பூசிய வலையையே வாங்குக. மணலைப் பாட்டிலில் சோதித்து, பெட்டியால் அளந்து கலக்குக. வலை கலவையின் நடுவே இருக்கட்டும். சுவரோடு ஒட்டக் கூடாது. மேற்பூச்சுக்கு முன் நேரிற் சென்று பார்க்க. ஒரு வாரமாவது உலரவிடாமல் நீர் விடுக. பத்தாம் நாள் மரக்கைப்பிடியால் சுவரெங்கும் தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலிக்கும் பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து மீண்டும் பூசச் செய்க. அதன்பின்னரே பணம் கொடுக்க ஒப்பமிடுக.

வலைக்காக ஆகும் அதிகச் செலவு, ஒரே சுவரை இருமுறை பூசும் செலவுக்கு எவ்வகையிலும் ஈடாகாது. வலையை வாங்கப் பணம் போதும். அதைச் சரியான இடத்தில் வைக்கக் கவனம் வேண்டும். அக்கவனத்தை விலைக்கு வாங்க முடியாது. ஊராரே தர வேண்டும். நம் குழந்தைகள் முதுகைச் சாய்த்து உட்காரும் சுவர் அது. அதனுள் இருப்பது இன்னதென்று அறிந்தவர் ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராக.